கோப்பை கழுவுகிறவனுக்கு என்ன கருத்தரங்கு?

இந்தக் கேள்வியை எங்களிடம் கேட்டவர் வெள்ளைக்காரர் இல்லை, எங்கடை ஆள். லா சப்பலில் ஒரு தேநீர்க்கடை வாசலில் வைத்துக் கேட்டார். ஊரில் பட்டதாரி. இங்கே வந்து இருபத்தைந்து வருடமாகிறது, இரண்டு கடை வைத்திருக்கிறார். நாங்கள் ஐந்து பேர் ஓர் ஆய்வுக் குழுவின் கலந்துரையாடல்களுக்குப் போய்வருகிறோம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். "தம்பியவை, கோப்பை கழுவுகிறவனுக்கு என்ன கருத்தரங்கு? விசாவுக்கு ஏதும் உதவுமெண்டால் போங்கோ. இல்லாட்டி அந்த நேரம் நித்திரை கொள்ளுங்கோ" என்றார். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டோம். எங்களில் இருவருக்கு முதல் வேலை எடுத்துத் தந்தவரே அவர்தான். அதற்கு எவ்வளவு எடுத்தார் என்ற கதைக்குப் பிறகு வருகிறோம்.

இது அவருக்கு எழுதும் பதில். அந்தக் குழுவின் பேராசிரியர்களுக்கும் இதிலே பங்கிருக்கிறது. அவர்கள் தமிழ் வாசிக்க மாட்டார்கள் என்பதால் முதலில் உங்களிடம் சொல்லிவைக்கிறோம்.

நாங்கள் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாரிஸில் மூன்று ரெஸ்ரோறன்ற்களின் குசினிகளில் வேலை செய்கிறோம். இருவர் கோப்பை கழுவுவது, இருவர் வெங்காயமும் கிழங்கும் உரித்துச் சமையற்காரருக்குக் கைகொடுப்பது, ஒருவர் சலாட் தட்டுகள் அடுக்குவது. ஒருவர் முள்ளிவாய்க்கால் கண்டு, மெனிக் பாம் முகாமில் கிடந்து வந்தவர். ஒருவர் மட்டக்களப்பு. ஒருவரின் குடும்பம் மலையகத்திலிருந்து வந்து வவுனியாவில் குடியேறியது. ஒருவர் மண்டபம் முகாமில் பிறந்து வளர்ந்தவர்; இலங்கையை அவர் பார்த்ததே இல்லை. இதை எழுதுகிற கை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன படிப்பின் கை. எல்லோருக்கும் முப்பது கடந்துவிட்டது, நாற்பது இன்னும் வரவில்லை.

எங்கள் குசினிகளுக்கு ஆய்வாளர்கள் வருவது புதிதல்ல. முதலில் வந்தவர் ஒரு மாணவி. கையில் ஒலிப்பதிவுக் கருவி, முகத்தில் நல்ல சிரிப்பு. எப்போது வந்தீர்கள், எந்தப் பாதையால் வந்தீர்கள், யார் காசு தந்தது, ஊரில் என்ன நடந்தது என்று கேட்டார். அகதி விண்ணப்பம் எழுதிய எவருக்கும் இந்தக் கேள்விகளின் வரிசை மனப்பாடம். ஒப்ராவில் கேட்டதும் இந்த வரிசைதான். அங்கே நிராகரிக்கப்பட்டு மொந்த்ரேயில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனபோது, மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த மூன்று பேர் கேட்டதும் இதேதான். ஆகவே நாங்களும் அங்கே சொன்னதையே சொன்னோம். அதே திகதிகள், அதே ஊர்கள், அதே இடத்தில் நிறுத்தி மூச்சுவிடுவதும்கூட. ஒரு மாதம் முன்பின்னாகச் சொன்னதால் 'முரண்பாடு' என்று எழுதப்பட்டு விசா இல்லாமல் போனவர்கள் எங்கள் அறைகளிலேயே இருக்கிறார்கள். சிரிக்கிற முகத்தை நம்பி ஒரு திகதியை மாற்றிச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்? அந்த மாணவியின் ஆய்வேட்டில் இன்று இருப்பது எங்கள் வாழ்க்கை என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். அதில் இருப்பது எங்கள் கோப்பு.

அவரை ஏமாற்றினோமா என்று கேட்டால், ஓம், ஏமாற்றினோம். அதில் எங்களுக்குப் பெருமையில்லை. ஆனால் கேட்கிறவர் ஒருபக்கமும் சொல்கிறவர் மறுபக்கமுமாக மேசை போடப்பட்டிருக்கும்வரை வேறு எதுவும் கிடைக்காது. இது எங்களோடு தொடங்கிய கதையுமல்ல. 1880 ஏப்பிரலில் பாரிஸில் வெளிவந்த ஒரு சோசலிச சஞ்சிகைக்காக மார்க்ஸ், பிரெஞ்சுத் தொழிலாளர்களிடம் கேட்பதற்கென்று ஏறத்தாழ நூறு கேள்விகள் எழுதிக் கொடுத்தார். எத்தனை மணித்தியாலம் வேலை, இடைவேளை எவ்வளவு, கூலி எப்படி, விபத்து நடந்தால் என்ன என்று நல்ல கேள்விகள். 25,000 பிரதிகள் அச்சடித்து விநியோகித்தார்கள். வந்த பதில்கள் மிகச் சொற்பம். மார்க்ஸ் கேட்டே பதில் வரவில்லை என்றால் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்த அந்தப் பிள்ளையை என்ன குறை சொல்வது?

இப்போது கடைக்கார அண்ணையின் கேள்விக்கு வருவோம். விசாவுக்கு உதவுமா?

எங்கள் விசாக்களைத் தீர்மானிக்கிற தாள்களில் யாருடைய வசனங்கள் இருக்கின்றன என்று அவர் ஒருநாளாவது பார்த்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டார். 2010 ஜூலையில் ஐ.நா.வின் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயம் இலங்கை பற்றிய தனது வழிகாட்டுதலைத் திருத்தியது. வடக்கிலிருந்து வந்த தமிழர் என்ற ஒன்றையே வைத்து ஒருவரை அகதியாகக் கொள்ளவேண்டிய தேவை இனி இல்லை, ஒவ்வொருவரின் விண்ணப்பத்தையும் தனித்தனியே பார்க்கலாம் என்பது அதன் சாரம். யுத்தம் முடிந்து பதினான்கு மாதம். எங்களில் மூவரின் விண்ணப்பங்கள் அதற்குப் பிறகுதான் விசாரணைக்கு வந்தன. அந்த ஆவணம் பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்புகளில் நிற்கிறது. அறிக்கை, ஆய்வு, செய்தி. அந்த அடிக்குறிப்புகளில் எங்கள் குரல் எங்கே என்று தேடினால், யாரோ ஒருவர் எங்களைக் கேட்டு, தன் சொல்லில் எழுதி, இன்னொருவர் அதைச் சுருக்கி எழுதியதாக இருக்கும். லண்டனில் 2013இல் மேல் தீர்ப்பாயம் திருப்பி அனுப்பப்படும் தமிழர்களின் நிலை பற்றி ஒரு வழிகாட்டித் தீர்ப்பு எழுதியது. பல நிபுணர்களின் சாட்சியத்தைக் கேட்டுத்தான் எழுதியது. பின்னால் வந்த வழக்குகளெல்லாம் அதன் பிடியில் அகப்பட்டன. தமிழகத்தில் களஆய்வு செய்த மானிடவியலாளர் அந்தனி கூட், பிரித்தானியாவில் இலங்கைத் தமிழரின் அகதி வழக்குகளில் நிபுணராக அறிக்கை எழுதிவந்தவர். நீதிமன்றத்தில் ஆய்வாளரின் அறிவு என்ன பாடுபடுகிறது என்று 2007இல் ஒரு தனிப் புத்தகமே எழுதினார். ஆய்வரங்கில் சொல்லப்படும் வசனம் நடந்து நடந்து நீதிபதியின் மேசைவரை போகிறது என்பதை அந்த உலகத்துக்காரரே ஒத்துக்கொள்கிறார்கள்.

எங்களைப் பற்றிய புத்தகங்களும் குறைவில்லை. சுவிஸில் தஞ்சம் கேட்ட தமிழரைப் பற்றி கிறிஸ்தோபர் மக்டொவல் 1996இல் எழுதினார். நோர்வேத் தமிழரைப் பற்றி ஒய்வின் ஃபுக்லெறூட் 1999இல் எழுதினார். இவை பழுதான புத்தகங்கள் என்று சொல்ல வரவில்லை. இரண்டாவதை எங்களில் ஒருவர் நூலகத்தில் எடுத்து, அகராதியோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டி முடித்தார். முடித்துவிட்டு அவர் சொன்னது: "சரியாத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு இடத்திலை எனக்கு அவரோடை சண்டை பிடிக்க வேணும் போலை இருந்தது. எங்கை போய்ப் பிடிக்கிறது?"

எங்கே போய்ப் பிடிக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விடயம். புத்தகம் அச்சாகிவிட்ட பிறகு எங்கும் பிடிக்க முடியாது. அச்சாக முன்னர், வரைபு நிலையில், பத்துப்பேர் கூடியிருந்து "இந்த வசனம் நிற்குமா?" என்று அடிபடும் அறையில்தான் பிடிக்க வேண்டும். அந்த அறைக்குள் எப்படி நுழைவது?

பாரிஸில் கேட்பதற்குக் கதவு திறந்துதான் இருக்கிறது. கொலேஜ் து பிரான்ஸ் என்ற கல்விநிலையம் 1530இல் தொடங்கியது. அங்கே நடக்கும் விரிவுரைகளுக்குப் பதிவும் இல்லை, கட்டணமும் இல்லை, யாரும் போய் இருக்கலாம். நாங்களும் போய் இருந்திருக்கிறோம், குளிர்காலத்தில் சூடு இருக்கிறது என்பதற்காகவும்தான். அங்கே நீங்கள் கேட்கலாம். பேச்சு முடிந்ததும் எழும்பிப் போகலாம். ஆய்வுக் குழுவின் கலந்துரையாடல் வேறு வகை. அதற்கு வரைபு ஒரு கிழமை முன்னர் வந்து சேரும். வாசித்துவிட்டு வரவேண்டும். வந்தால் வாய் திறக்க வேண்டும்.

எங்களை அதற்கு அழைத்தவர் ஓர் இளம் ஆய்வாளர். ரெஸ்ரோறன்ற் வேலைக்காரர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கும், இரவு வேலை தொடங்கும் ஐந்தரைக்கும் இடையில் ஒரு வெட்டு இருக்கிறதல்லவா, எங்கள் தொழிலில் 'கூப்யூர்' என்கிற வெட்டு, அந்த நேரத்தில் பூங்காவில் எங்களோடு வந்து கதைப்பார். நான்காம் முறை வந்தபோது நாங்கள் கேட்டோம்: நீங்கள் எழுதுவதை எங்களுக்குக் காட்டுவீர்களா? அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "காட்டுவது என்ன, கலந்துரையாடலுக்கு வாருங்கள்" என்றார். அந்தப் பிள்ளைக்கு இந்த இடத்தில் நன்றி சொல்கிறோம். கீழே வரும் முறைப்பாடுகளில் அவர் இல்லை.

முதல் தடை நேரம். கலந்துரையாடல் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிவரை. ரெஸ்ரோறன்ற் வேலைக்காரர்களைப் பற்றி இரண்டு வருடம் ஆராய்ந்த குழு, ரெஸ்ரோறன்ற் வேலைக்காரன் ஒருவனும் வரமுடியாத நேரத்தில் கூடிக்கொண்டிருந்தது. இதைச் சுட்டிக்காட்டியபோது ஒருவரும் கோபிக்கவில்லை. உண்மையிலேயே வெட்கப்பட்டார்கள். வெட்கப்பட்டுவிட்டு, மண்டபம் அந்த நேரத்தில்தான் கிடைக்கிறது என்றார்கள். திங்கட்கிழமைக்கு மாற்ற ஐந்து மாதம் பிடித்தது. திங்களில் எங்கள் மூன்று ரெஸ்ரோறன்ற்களும் பூட்டு.

இரண்டாம் தடை கதவடியில் வைத்திருந்த தாள். பெயர், நிறுவனம், கையொப்பம். நிறுவனம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? முதலாளியின் பெயரை எழுதினால் வேலை போகலாம். வெறுமையாக விட்டால் களவாக வந்தவன் போலிருக்கும். மட்டக்களப்பு நண்பர் பேனையை வாங்கி, பிரெஞ்சில் 'குசின்' என்று எழுதினார். எங்கள் அம்மாக்கள் புழங்கிய 'குசினி' போத்துக்கேயர் விட்டுப்போன சொல். பிரெஞ்சுக்காரரின் சொல்லுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரம். எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னர் யாழ்ப்பாணத்துக்கு வந்த சொல்லை நாங்கள் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறோம் என்று அவர் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் நிறுவனம் அதுதான்.

மூன்றாம் தடை மொழி என்று நீங்கள் நினைப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். 38 பக்க வரைபை ஐந்தாகப் பிரித்து, மெத்ரோவில் வாசித்து, ஞாயிறு இரவு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துச் சமாளித்தோம். முக்கால்வாசி விளங்கியது. ஆனாலும் முதல் மூன்று கூட்டங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏன் என்று பிறகு எங்களுக்குள் கதைத்துப் பார்த்தபோது பிரெஞ்சு மொழி அதில் சிறிய காரணமாகத்தான் இருந்தது.

கூட்டத்தில் கருத்துச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் வேறிடத்தில் படித்துக்கொண்டு வந்தவர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திரணகம, சக ஆசிரியர்கள் மூவரோடு சேர்ந்து 'முறிந்த பனை'யை எழுதியவர். அதுவும் ஓர் ஆய்வுக் குழுவின் வேலைதான். ஊர் ஊராகப் போய்க் கேட்டு, எல்லாத் துவக்குகளைப் பற்றியும் எழுதினார்கள். 1989 செப்டெம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். புத்தகம் அடுத்த வருடம் வெளியானபோது அவர் இல்லை. எங்களில் பல்கலைக்கழகம் போனவர் அந்த வளாகத்தில் கால் வைத்தது அதற்கு ஏறத்தாழ இருபது வருடம் கழித்து. அப்போதும் சிற்றுண்டிச்சாலையில் அந்தப் பெயரைத் தாழ்ந்த குரலில்தான் சொன்னார்கள். இந்த நகரத்திலேயே 1994 மே 1 அன்று சபாலிங்கத்தைக் கொன்றார்கள். எழுத்தும் பதிப்புமாக இருந்த மனிதர். அப்போது நாங்கள் சிறுபிள்ளைகள். ஆனாலும் இங்கே வந்து இறங்கிய முதல் மாதத்திலேயே அறைக்கார அண்ணை ஒருவர் அந்தக் கதையைச் சொல்லி, "கூட்டங்களுக்குப் போனால் பின்வரிசையிலை இரு" என்று புத்தி சொன்னார். பின்வரிசையில் இருப்பது எங்களுக்கு யாரோ ஒருவர் கற்றுத்தந்த பாடம். பிரெஞ்சுப் பேராசிரியர்கள் எங்கள் மௌனத்தைப் பார்த்து, மரியாதை தெரிந்த மக்கள் என்று நினைத்தார்கள்.

நான்காம் கூட்டத்தில் பேசினோம். வரைபில் ஒரு சொல் எங்களைப் பேசவைத்தது. 'நம்பிக்கை' என்ற சொல். தமிழர்கள் குசினி வேலைகளை உறவினர், ஊரவர் மூலமாகப் பெறுகிறார்கள். கடுதாசி இல்லாதவர் கடுதாசி உள்ளவரின் பெயரில் வேலை செய்கிறார். இவ்வளவும் எழுத்தில்லாத ஒருவகை நம்பிக்கையில் ஓடுகிறது என்று வரைபு சொன்னது. இன்னொருவர் பெயரில் வேலை செய்வதை இங்கே 'அலியாஸ்' என்பார்கள். பிரெஞ்சுப் பத்திரிகைகளில் பலமுறை வந்துவிட்ட விடயம் என்பதால்தான் நாங்களும் இங்கே எழுதுகிறோம்.

எங்கள் வாதம் இது. அதில் ஓடுவது கடன். வேலை எடுத்துத் தந்தவருக்கு முதல் மாதச் சம்பளம் போகிறது. கார்த்தைத் தந்தவரின் வங்கிக் கணக்கில் சம்பளம் விழுகிறது, அவர் தன் பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்தைத் தருகிறார். சம்பளத்துண்டில் கழிக்கப்படும் ஓய்வூதியப் பணமும் அவர் பெயரில் ஏறுகிறது. எங்கள் முதுகு நோகிறது, அவருக்கு வயதாகும்போது அரசு காசு கொடுக்கும். இதைவிட இன்னொன்று. 2012 நவம்பரிலிருந்து 2025 ஜனவரிவரை நடைமுறையிலிருந்த சுற்றறிக்கையின்படி, வேலையைக் காட்டி விசா கேட்பதற்குச் சம்பளத்துண்டுகள் வேண்டும். அவை வேறு பெயரில் இருந்தால், அந்தப் பெயரில் வேலை செய்தவர் இவர்தான் என்று முதலாளி ஒரு கடிதம் தரவேண்டும். ஆக அந்தக் கடிதம் கிடைக்கும்வரை முதலாளியோடும் கார்த்துக்காரரோடும் பகைக்க முடியாது. பகைக்க முடியாத ஒருவன் பொறுத்துக்கொண்டிருப்பதை நம்பிக்கை என்று ஏன் எழுதுகிறீர்கள்? இந்தச் சொல்லை அச்சடித்தால் எங்களிடம் கொமிசன் எடுக்கிறவன் சமூகசேவகன் ஆகிவிடுவான்.

கடைக்கார அண்ணை, முன்னர் சொல்வதாகச் சொன்ன கதை இதுதான்.

இவ்வளவையும் பாதிப் பிரெஞ்சிலும் பாதிக் கையசைவிலும் சொல்லி முடித்தோம். தலைமை வகித்த பேராசிரியர் எழும்பி நின்று, நெஞ்சில் கைவைத்து, "மிகவும் பெறுமதியான சாட்சியம், நன்றி" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு ஒரு கலாநிதிப் பட்ட மாணவர் பேசினார். கொடுப்பது என்பது வாங்கியவனைக் கட்டிப்போடுகிறது என்று மார்செல் மோஸ் 1925இல் எழுதியிருக்கிறாரே, ஆகவே இங்கே நம்பிக்கை என்பதைவிடக் கடமைப்பாடு, கடன் என்று பார்க்கலாமல்லவா என்றார். "இது நல்ல வாதம்" என்று பேராசிரியர் குறித்துக்கொண்டார்.

அன்றிரவு நாங்கள் பட்ட கோபத்தை எழுதத் தமிழில் நாகரிகமான சொல் இல்லை. அந்த மாணவரில் பிழையில்லை, நல்ல பெடியன். மோஸை எங்களுக்கு அறிமுகப்படுத்தியதற்காக அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம் (இதிலும் கடன்!). ஆனால் ஒரே விடயம் எங்கள் வாயிலிருந்து வந்தால் சாட்சியம், அவர் வாயிலிருந்து வந்தால் வாதம் என்பது எப்படி? சாட்சியத்துக்கு நன்றி சொல்லலாம், கண்கலங்கலாம், கைதட்டலாம். மறுப்புச் சொல்ல வேண்டியதில்லை. வரைபை மாற்ற வேண்டியதுமில்லை. வாதத்துக்கு ஒன்றில் இணங்க வேண்டும், அல்லது எதிர்த்து நிற்க வேண்டும். எங்களை எதிர்த்து நிற்கவில்லை என்பதுதான் எங்களுக்குப் பட்ட அவமானம்.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னோம். அறையில் கொஞ்சநேரம் சத்தமில்லை. பேராசிரியர் சிவந்துபோனார். பிறகு அவர் செய்தது எங்களுக்குப் பிடித்திருந்தது. உட்கார்ந்து, எங்களோடு தர்க்கம் செய்தார். எல்லாக் கார்த்துக்காரரும் பணம் எடுப்பதில்லையே, தமக்கே ஆபத்து என்று தெரிந்தும் சும்மா தந்தவர்களும் உங்கள் பேட்டிகளில் இருக்கிறார்களே, அவர்களை எந்தச் சொல்லில் போடுவீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. மண்டப முகாம் நண்பருக்குத் தன் கார்த்தை ஒன்றரை வருடம் ஒரு சதமும் வாங்காமல் தந்தவர், ஊரில் அவர் குடும்பத்தை அறியாத ஒரு மனிதர். எங்களிடம் உடனே பதில் இருக்கவில்லை. அந்த இரண்டு மணித்தியாலம்தான் நாங்கள் உண்மையில் அந்தக் குழுவில் சேர்ந்த நேரம்.

வறியவர்களும் பல்கலைக்கழகத்தாரும் ஒன்றாக இருந்து எழுதுவது நடக்காத காரியம் என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இதே நாட்டில் அது நடந்திருக்கிறது. ஜோசப் வ்றெசின்ஸ்கி என்ற பாதிரியார், தானே குடியேறியவர்களின் ஏழைப் பிள்ளை, 1957இல் பாரிஸுக்குப் பக்கத்தில் நுவாசி-லெ-கிறான் முகாமில் வீடற்றவர்களோடு ஓர் இயக்கம் தொடங்கினார். 1972இலிருந்து அவர்களுக்கென்று ஒரு மக்கள் பல்கலைக்கழகமும் நடந்தது. 1996 முதல் 1998 வரை அந்த இயக்கம் கடும் வறுமையில் வாழ்ந்தவர்களையும் பல்கலைக்கழக ஆசிரியர்களையும் ஒரே மேசையில் இருத்திச் சேர்ந்து ஆராயவும் எழுதவும் வைத்தது. அந்த எழுத்துகள் 1999இல் புத்தகமாக வந்தன. ஒரு பின்னேரக் கைதட்டலில் முடிகிற வேலையாக அதை அவர்கள் செய்யவில்லை. இரண்டு வருடம் எடுத்தார்கள். எங்கள் பேராசிரியருக்கு அந்தப் புத்தகத்தைப் பற்றி எடுத்துச் சொன்னவர்கள் நாங்கள்தான் என்பதை இங்கே கொஞ்சம் தலைக்கனத்தோடு பதிகிறோம்.

எங்கடை எழுத்தாளர்களுக்கும் ஒரு சொல். எங்கள் புலம்பெயர் கவிதைகளில் கோப்பை கழுவாத கவிதை குறைவு. சவர்க்கார நுரையிலே தாயகம் தெரியும், பனியிலே அம்மா தெரிவா. கோப்பை கழுவுகிறவன் ஒரு தர்க்கத்தோடு வந்தால் மட்டும் உங்களுக்கும் அவன் ஆரெண்டு தெரிவதில்லை. இலக்கியச் சந்திப்புகளில் எங்களை 'அனுபவம் பகிர' அழைக்கிறீர்கள். கட்டுரை வாசிக்க யாரை அழைக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஜாக் ரான்சியேர் 1981இல் வெளியிட்ட நூலில், 1830களின் பாரிஸ் தொழிலாளர்கள் நித்திரையைக் களவாடி இரவில் எழுதியதைத் தோண்டி எடுத்திருக்கிறார். அதில் கோனி என்ற தச்சுத் தொழிலாளி வருகிறார். தரைக்குப் பலகை பொருத்துகிறவர். தன் தொழிலைப் பற்றித் தானே சிந்தித்து எழுதிய மனிதர். அவரை வாசிக்க இந்த நாட்டுக்கு நூற்றைம்பது வருடம் பிடித்தது.

இனி எங்களுக்குள் வந்த சண்டை. இதை மறைத்துவிட்டு மற்றவர்களைத் திட்டுவது சரியில்லை.

திருத்திய வரைபில் 'நம்பிக்கை' போய்க் 'கடன்' வந்தது. கூடவே ஒரு புதிய பந்தியும் வந்தது. கார்த்துகள் கைமாறும் ஒரு தெருமுனை, எந்த நாளில், எந்தக் கடைக்கு முன்னால், என்ன விலை என்று எல்லாம். பேட்டிகளில் நாங்களும் மற்றவர்களும் சொன்னவைதான். வாசித்ததும் எங்களில் நால்வருக்கு வயிற்றைப் பிசைந்தது. அச்சானால் தொழிற்பரிசோதகர் முதலில் வாசிப்பார், பொலிஸ் இரண்டாவதாக வாசிக்கும். விலை இருக்கட்டும், இடத்தை எடுத்துவிடுங்கள் என்று எழுதிக்கொடுக்கத் தீர்மானித்தோம். வன்னி நண்பர் கையெழுத்துப் போட மறுத்தார். "எடுக்கக் கூடாது. முழுக்கப் போடட்டும். என்னட்டை மூண்டு வருசம் எடுத்தவன் அந்த முனையிலைதான் நிக்கிறான். நீங்கள் ஆரைக் காப்பாத்துறியள்? எங்களையா, அவனையா?" என்றார். அந்த முனையில் அவனிடம் கார்த் வாங்கி இன்றைக்கும் வேலை செய்யும் இருபது பேருக்கு என்ன நடக்கும் என்று கேட்டோம். "உங்களுக்கு எப்பவும் ஒரு இருபது பேர் இருக்கும். ஊரிலையும் இதைச் சொல்லித்தான் ஒண்டையும் எழுத விடேல்லை" என்றார்.

அவர் சொன்னது எங்களைச் சுட்டது. பெரிய காரியத்துக்காக, சனத்தின் பாதுகாப்புக்காக இப்போது பேசாதே என்று எங்களுக்குச் சொல்லப்பட்ட அதே வசனத்தைத்தான் நாங்கள் அவருக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தோம். இருந்தும் இடத்தின் பெயரை எடுக்கச் சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறோம். விசா உள்ளவன் காட்டுகிற துணிச்சலுக்கான விலையை விசா இல்லாதவன் கட்டக்கூடாது. வன்னி நண்பருக்குப் பத்து வருடக் கார்த் இருக்கிறது. இதை அவருக்கு முகத்துக்கு நேரே சொன்னோம், அவர் எழும்பிப் போய்விட்டார். எங்கள் கடிதத்தில் நான்கு கையெழுத்து இருந்தது. ஐந்தாமவர் உடன்படவில்லை, அவரது காரணம் இது என்று கடிதத்தின் கீழே எழுதியும் அனுப்பினோம். இந்தக் கட்டுரையில் 'நாங்கள்' என்று வரும் இடங்களில் இந்தப் பந்தியில் மட்டும் அவர் இல்லை.

கருத்துச் சுதந்திரத்தில் தலையிடுகிறீர்களா என்று குழுவில் ஒருவர் கேட்டார். தலையிடத்தானே கூப்பிட்டீர்கள் என்றோம்.

தெருமுனையின் பெயரும் நாளும் இப்போது வரைபில் இல்லை. விலை இருக்கிறது. ஓய்வூதியப் பணம் பற்றிய எங்கள் வாதம் 'பங்கேற்பாளர்கள் உணர்வதாவது' என்று தொடங்குகிறது. 'உணர்வதாவது' என்பதை வெட்டி, 'வாதிடுவதாவது' என்று போடும்படி திருத்தம் அனுப்பியிருக்கிறோம். அடுத்த கூட்டம் மாதத்தின் மூன்றாம் திங்கள், பின்னேரம் இரண்டு மணிக்கு. வன்னி நண்பருக்கும் வரைபின் ஒரு பிரதியை அவர் அறைத் தோழரிடம் கொடுத்துவிட்டிருக்கிறோம். அவருடைய எட்டுப் பக்கத்தை இம்முறை வேறு யாரும் வாசிக்கவில்லை.